துரைக்குத் தெரிந்த தமிழ்

என் தாத்தா வீட்டுக்குள் நடக்கும்போதுகூடக் கழுத்தை அசைக்க மாட்டார். யாராவது கூப்பிட்டால் உடம்பு மொத்தமும் திரும்பும். "தலைச்சுமைக்காரன் கழுத்து அப்படித்தான்டா" என்பாள் அப்பத்தா. போடிக்கு மேற்கே கொட்டக்குடி அவருக்கு ஊர். அவரும் அவருக்கு முன்னால் அவருடைய அப்பாவும் மூணாற்றுத் துரைமார் வீட்டுச் சாமான்களை மலைக்குத் தூக்கிப் போனவர்கள். கோழிக்கூடை, முட்டைப்பெட்டி, கண்ணாடிச் சாமான், ஒரு தடவை துரைசாணி குளிக்கிற தகரத் தொட்டி. அந்தத் தொட்டியைக் கவிழ்த்துத் தலையில் போட்டுக்கொண்டு ஏறினாராம். நடுவழியில் மழை பிடித்துக்கொண்டது. "அன்னைக்கு நனையாம மேல போய்ச் சேந்தவன் நான் ஒருத்தன்தான்" என்று சொல்லும்போது மட்டும் கிழவர் சிரிப்பார்.

நாங்கள் பிள்ளைகள் அவரிடம் நச்சரிப்பது ஒன்றுக்காகத்தான். துரை பேசுகிற தமிழைப் பேசிக் காட்டச் சொல்வோம். தொண்டையைச் செருமிக்கொண்டு, மூக்கால், "இங்கே வா. பெட்டி கீழே வை. தண்ணி கொண்டா. சீக்கிரம் போ" என்பார். அதோடு முடிந்துவிடும். "இன்னும் பேசு தாத்தா" என்றால், "அம்புட்டுத்தான்டா அவகளுக்குத் தெரியும்" என்று துண்டை உதறிப் போட்டுக்கொள்வார்.

பிற்பாடு முப்பது வருஷம் தமிழாசிரியராக இலக்கணம் நடத்தியபோதெல்லாம் இந்த ஞாபகம் வந்தது. முன்னிலை ஒருமை ஏவல் வினைமுற்றுக்கு எடுத்துக்காட்டு கேட்டால் என் வகுப்பில் துரைதான் நிற்பார்.

மூணாறு இன்றைக்குக் கேரளம். அங்கே துரைமார் வந்து இறங்கிய வாசல் எங்கள் போடி. 1877 ஜூலை 11இல் பூஞ்ஞாறு அரசரிடமிருந்து ஜே.டி. மன்றோ என்ற வெள்ளைக்காரர் கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்கு எடுத்தார். மலையின் மேற்குச் சரிவெல்லாம் யானைக்காடு. கொச்சிப் பக்கமிருந்து ஏறிவர ஒழுங்கான தடம் கிடையாது. கிழக்கே நம் பக்கம் அப்படியில்லை. ரயில் அம்மையநாயக்கனூர் வரை வந்துவிட்டது. இப்போது கொடைரோடு என்று சொல்கிறார்களே, அதே ஸ்டேஷன். அங்கே இறங்கி மாட்டுவண்டி பிடித்தால் பெரியகுளம், தேனி, போடி. பிறகு கொட்டக்குடி ஆற்றோடு நடந்து மலையடிவாரம். அங்கிருந்து ஆறாயிரம் அடி உயரத்துக்கு ஏற்றம். துரை மட்டக்குதிரையில் ஏறினார், முடியாதவர்களை நாற்காலியில் வைத்துத் தூக்கினார்கள். சாமான் மாட்டு முதுகிலும் மனிதத் தலையிலும் போயிற்று.

ஸ்காட்லாந்தில் ஏதோ ஒரு ஊரில் பள்ளிக்கூடம் முடித்துவிட்டு இருபது, இருபத்திரண்டு வயதில் கப்பலேறிய பையன் ஒருவன் இந்த வழியில் வருவதை நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பதுண்டு. தேனியில் வெயில். போடியில் அதைவிட வெயில். வண்டிக்காரன் பேசுவது ஒரு சொல்லும் விளங்காது. சாயங்காலம் மலை ஏறியதும் திடீரென்று அவன் ஊர்க் குளிர். அவனுக்கு அது பழகிய குளிர். தூக்கி வந்தவர்களுக்குத்தான் பல் தந்தியடித்தது. புதிதாக வந்தவர்கள் என்று பார்த்தால் அந்த மலையில் இரண்டு தரப்புமே புதிதுதான். துரை ஏழு கடல் தாண்டி வந்தார், எங்கள் ஆட்கள் ஒரு நாள் நடை. அந்த ஒரு நாள் நடையில் நெல்லும் சோளமும் அட்டையும் மூடுபனியுமாக மாறிவிடுகின்றன. அங்கே பழையவர்கள் என்றால் முதுவர்கள்தான். துரைமாருக்குத் தடம் காட்டியதும் அவர்களே. அவர்களும் ஒரு காலத்தில் மதுரையிலிருந்து பிள்ளைகளை முதுகில் கட்டிக்கொண்டு வந்ததாகத்தான் சொல்கிறார்கள்.

வந்தவர்கள் முதலில் கட்டியது புல் வேய்ந்த குடிசைகள். பங்களா எல்லாம் பிந்திய காலம். முதலில் நட்டதும் தேயிலை இல்லை. காப்பி, ஏலம், சிங்கோனா என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார்கள். சிங்கோனா பட்டையிலிருந்துதான் காய்ச்சல் மருந்து கொயினா. அதை நட்டவர்களே அந்தக் காய்ச்சலில் படுத்தார்கள். 1880இல் பார்வதி எஸ்டேட்டில் ஏ.எச். ஷார்ப் என்பவர் தேயிலை போட்ட பிறகுதான் மலைக்கு இன்றைய நிறம் வரத் தொடங்கியது.

பழைய மூணாற்றில் சி.எஸ்.ஐ. தேவாலயத்துக்குப் பின்னால் மேட்டில் ஒரு கல்லறைத் தோட்டம் இருக்கிறது. அங்கே முதலில் புதைக்கப்பட்டவர் எலினார் இசபெல் மே, தோட்டங்களின் மேலாளர் நைட் என்பவரின் இளம் மனைவி. 1894 டிசம்பர் 23, கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னால், காலராவில் போய்விட்டார். வயது இருபத்து நான்கு. செத்தால் என்னை இந்தக் குன்றில் புதையுங்கள் என்று அவரே ஒருநாள் விளையாட்டாகச் சொன்னதாக ஊரில் கதை உண்டு. கதை எப்படியோ, தேவாலயம் வந்தது பதினைந்து வருஷம் கழித்துத்தான். கோயில் இல்லாத ஊரில் இடுகாடு முதலில் வந்த கணக்கு. நான் போயிருந்த அன்று கல்லில் பாசி பிடித்திருந்தது. அதே காலராவில் போன எங்கள் பக்கத்துக் கூலிகளை எங்கே புதைத்தார்கள் என்று தாத்தாவிடம் கேட்டிருக்கிறேன். "செத்த இடத்துல" என்றார்.

மொழிக்கு வருகிறேன். தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள் தமிழர்கள். கங்காணிகள் முன்பணம் கொடுத்து மதுரை, திருநெல்வேலிச் சீமைகளிலிருந்து ஆள் கட்டி வந்தார்கள். ஆகவே புதிதாக வந்த சின்னதுரைக்கு முதல் வேலை தமிழ் படிப்பது. தேர்வு எழுதித் தேற வேண்டும் என்ற வழக்கம்கூடப் பல கம்பெனிகளில் இருந்தது. இலங்கைத் தோட்டங்களுக்காகக் கொழும்பில் ஒரு சிறு கையேடு அச்சிட்டிருந்தார்கள். சின்னதுரையின் சட்டைப்பைக்குள் அடங்குகிற தமிழ் வழிகாட்டி. அதன் தலைப்பே 'இங்கே வா'. தாத்தா அந்தப் புத்தகத்தைக் கண்டதில்லை. ஆனால் அதன் முதல் பாடத்தைத்தான் எங்களுக்கு நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார்.

இதை வைத்து வெள்ளைக்காரனைக் கேலி செய்வது சுலபம். எனக்கு அதில் அவ்வளவு ருசியில்லை. அயலூரில் போய் இறங்குகிறவன் தனக்கு வேண்டியதைத்தான் முதலில் கற்றுக்கொள்வான். துபாய்க்குப் போன என் தங்கை மகன் முதல் மாதம் கற்ற அரபி நாலு சொல்லும் அவன் வேலைக்கு வேண்டியவையே. வித்தியாசம் எங்கே என்றால், அவன் கற்றவை 'சரி', 'தெரியாது', 'மன்னியுங்கள்', 'நாளைக்கு'. துரை கற்றவை 'வா', 'போ', 'வை', 'எடு'. ஒரு மொழிக்குள் எந்த வாசலால் நுழைகிறோம் என்பதை நம் கூலிச்சீட்டு முடிவு செய்துவிடுகிறது.

ஏவல் மட்டும் தெரிந்தவருக்கு ஒரு சங்கடம் உண்டு, பதில் விளங்காது. தாத்தா சொன்ன கதை: மழைக்காலத்தில் ஒரு துரை, நாளைக்கே போடிக்கு இறங்கி அரிசி கொண்டுவா என்றாராம். தடத்தில் மண் சரிந்து கிடக்கிறது. தாத்தா, "பாப்போம் துரை" என்று சொல்லிவிட்டு லயத்தில் போய்ப் படுத்துக்கொண்டார். மறுநாள் துரைக்குக் கோபமான கோபம். "நேத்து சரின்னியே!" தமிழில் 'பாப்போம்' என்றால் 'மாட்டேன்' என்பதன் மரியாதையான உருவம் என்று எந்தக் கையேட்டிலும் போட்டிருக்கவில்லை போலிருக்கிறது. காமராசர் முதல்வராகி 'ஆகட்டும், பார்க்கலாம்' என்று சொல்லிப் புகழ் பெறுவதற்கு எத்தனையோ வருஷம் முன்னால் எங்கள் தாத்தா இதைக் கண்டுபிடித்திருந்தார்.

எங்கள் ஆட்களும் சும்மா இருக்கவில்லை. துரை வாயிலிருந்து விழுந்ததை எடுத்துத் தமிழாக்கிக்கொண்டார்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கிற 'பரேடு' பிரட்டு ஆயிற்று. வரிசை வீடான 'லைன்' லயம் ஆயிற்று. மறுபக்கம், துரைமார் தோட்டங்களுக்கு வைத்த பெயர்கள் பெரும்பாலும் இங்கே கேட்டவையே: பெரியவாரை, செண்டுவாரை, குண்டுமலை, நல்லதண்ணி. எழுத்துக்கூட்டத் தெரியாமல் சிதைத்தார்கள். ஆனாலும் அவற்றை எடுத்துவிட்டு எடின்பரோ என்று போடவில்லை.

தேயிலை பெருகியதும் தலைச்சுமை போதவில்லை. 1897இல் கண்ணன் தேவன் கம்பெனி உருவானது. 1902இல் மூணாற்றிலிருந்து ஒற்றைத் தண்டவாளம் போட்டு மாடு கட்டி வண்டி இழுத்தார்கள். 1908இல் அதை எடுத்துவிட்டு நீராவி எஞ்சின் ஓடும் சிறு ரயில் விட்டார்கள். அது வந்து முடிந்த இடம் டாப் ஸ்டேஷன். அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் தொங்கிக்கொண்டு கீழே கொட்டக்குடிக்கு இறங்கின. பிறகு வண்டியில் போடி வழியாக அம்மையநாயக்கனூர், ரயிலில் தூத்துக்குடி, கப்பலில் இங்கிலாந்து. திரும்புகிற கம்பிவடத்தில் அரிசி ஏறிற்று. துரை வீட்டு முட்டையும் கண்ணாடியும் மட்டும் தாத்தா தலையில். கம்பிவடத்தில் விட்டால் உடைந்துவிடுமாம்.

1924 ஜூலை மழை எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போனது. மலையாளிகள் இன்றும் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம் என்று சொல்கிறார்களே, அது. கொல்லம் ஆண்டு 1099. தண்டவாளம் போனது, எஞ்சின் போனது. ரயிலைத் திரும்பப் போடவில்லை. 1931இல் ஆலுவாயிலிருந்து மூணாற்றுக்குச் சாலை வந்தது. துரைமார் மேற்கே திரும்பிவிட்டார்கள். இதில் வேடிக்கை, மதுரையிலிருந்து போடிக்கு ரயில் வந்தது 1928இல். மேலே ரயில் செத்து நாலு வருஷம் கழித்துக் கீழே ரயில். தாத்தா அதற்குள் சுமையை இறக்கிவிட்டு ஏலக்காய்ப் பேட்டையில் மூட்டை தைக்கப் போய்விட்டார்.

மலையடிவாரத்துக் குரங்கணியிலிருந்து மேலே நடந்தால் பாதி வழியில் சென்ட்ரல் என்று ஒரு குடியிருப்பு வரும். எந்த ரயிலும் நிற்காத சென்ட்ரல் ஸ்டேஷன். கம்பிவடத்தின் நடுநிலையம் இருந்த இடம். உச்சியில் டாப் ஸ்டேஷன். அது இன்றும் தேனி மாவட்டம், எங்கள் கொட்டக்குடி ஊராட்சியைச் சேர்ந்ததுதான். குரங்கணியில் நின்று அண்ணாந்தால் தலைக்கு நேர் மேலே தெரியும். வண்டியில் போக வேண்டுமானால் போடிமெட்டு ஏறி, கேரளத்துக்குள் நுழைந்து, பூப்பாறை, தேவிகுளம், மூணாறு, மாட்டுப்பட்டி, குண்டளை என்று சுற்றி வர வேண்டும். நேர்வழி இன்னும் தாத்தா நடந்த அந்த ஒற்றையடித் தடம்தான்.