பல்கம்பியும் பணமும்: திரை காட்டாத வரலாறு

வெகுஜனக் கதைகளில் பல்கம்பி அணிந்த முகத்துக்குப் பெரும்பாலும் ஒரே வேலைதான்: அழகின்மைக்கு அடையாளமாக நிற்பது. தடித்த கண்ணாடி, படியாத முடி, பொருந்தாத உடை ஆகியவற்றோடு கம்பியும் சேர்ந்துவிட்டால் பார்வையாளருக்கு வேறு விளக்கம் தேவைப்படுவதில்லை. ஆனால் கம்பி கோணல் பல்லுக்குக் கிடைத்த சிகிச்சை. அந்தச் சிகிச்சைக்கு யாரோ பணம் கட்டியிருக்கிறார்கள் என்பதைத்தான் அது முதலில் தெரிவிக்கிறது. பல்கம்பியின் கதையைச் செலவின் கதையாக வாசித்தால்தான் திரையில் அது பெற்ற இடமும் விளங்கும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

பல்கம்பியின் தொடக்கத்தை எட்ரஸ்கன் கல்லறைகளில் தேடுவது பல நூல்களில் வழக்கம். இத்தாலியில் கி.மு. 7ஆம் நூற்றாண்டு முதல் கிடைக்கும் எட்ரஸ்கன் தங்கப் பட்டைகளை ஆராய்ந்த மார்ஷல் பெக்கர், அவை பெண்கள் அணிந்தவை என்றும், எடுக்கப்பட்ட முன்பல்லின் இடத்தில் மாற்றுப் பல்லைத் தாங்கி நின்றவை என்றும் காட்டினார். பல்லை நகர்த்துவதற்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. அவர் பார்வையில் அவை குடும்பச் செல்வத்தைப் பறைசாற்றும் அணிகலன்கள். பல்லை நகர்த்தும் யோசனை ரோமானிய எழுத்தாளர் செல்சஸிடம் இருக்கிறது. பால்பல் விழுமுன் நிலைப்பல் முளைத்தால், பால்பல்லைப் பிடுங்கிவிட்டுப் புதுப்பல்லை நாள்தோறும் விரலால் அழுத்தி இடத்துக்குக் கொண்டுவரச் சொன்னார் அவர். செலவே இல்லாத முறை அது.

கருவி பிறந்தது பாரிசில். 1728இல் வெளியான தம் நூலில் பியேர் ஃபோஷார், குதிரை லாட வடிவில் வளைத்த ஓர் உலோகப் பட்டையை விவரிக்கிறார். பட்டையில் வரிசையாகத் துளைகள் இருக்கும். அவற்றின் வழியே நூலைக் கோத்துப் பல்லோடு கட்டினால், உள்ளே சாய்ந்த பல் மெல்ல வெளியே இழுபடும். பட்டை தங்கத்திலோ வெள்ளியிலோ செய்யப்பட்டது. பல் சீரமைப்பு, பிறக்கும்போதே பணம் படைத்தோரின் சிகிச்சையாகத்தான் பிறந்தது.

உலோகத்தின் விலை செலவின் ஒரு பகுதிதான். பல் வேரைச் சுற்றியுள்ள தசைநார் ஒரு பக்கம் அழுந்தும்போது அங்கே எலும்பு கரைகிறது. மறுபக்கம் இழுபடும்போது புது எலும்பு படிகிறது. இந்த வேலையை அவசரப்படுத்த முடியாது. அழுத்தம் மிகுந்தால் வேரே தேயும். அதனால் ஒன்றரை, இரண்டு ஆண்டுகளுக்குப் பயிற்சி பெற்ற ஒருவரிடம் மீண்டும் மீண்டும் போய்க் கம்பியை முறுக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது. கட்டணத்தில் கனமானது அந்தக் கைகளின் நேரமே.

அந்தக் கைகளை ஒரு தனித் தொழிலாக ஆக்கியவர் அமெரிக்கரான எட்வர்ட் ஆங்கிள். கடைவாய்ப்பற்கள் ஒன்றோடொன்று பொருந்தும் விதத்தை வைத்து 1899இல் அவர் வகுத்த மூன்று பிரிவுகள் இன்றும் வழக்கில் உள்ளன. 1900இல் செயின்ட் லூயிஸில் இத்துறைக்கெனவே ஒரு பள்ளியைத் தொடங்கினார். 1920களில் அவர் உருவாக்கிய, பல்லின்மேல் கம்பியைப் பிடித்து நிற்கும் பிராக்கெட்டின் நடுவே 0.022 அங்குலம் உயரமும் 0.028 அங்குலம் ஆழமும் கொண்ட பள்ளம் இருந்தது. அதில் படுத்த கம்பி தங்கக் கலவை. பின்னர் தங்கத்தின் இடத்தை எஃகு பிடித்தது. ஆனால் தங்கத்துக்காக வகுத்த அந்த அளவு இன்றைய பிராக்கெட்டுகளிலும் தொடர்கிறது.

எஃகு வந்தும் வாய் முழுக்க உலோகமாகவே இருந்தது. ஒவ்வொரு பல்லையும் சுற்றி ஒரு வளையம் மாட்டி, அதன்மேல்தான் பிராக்கெட்டைப் பொருத்தினார்கள். 1955இல் மைக்கேல் புவோனகோர், பல்லின் எனாமலை அமிலத்தால் சுரசுரப்பாக்கினால் பிசின் பிடிக்கும் என்று காட்டினார். பிராக்கெட்டை நேரே பல்லில் ஒட்டும் முறை பரவியதும் முன்பற்களின் வளையங்கள் மறைந்தன. அதற்கு முந்தைய வாய்தான் அமெரிக்கப் பள்ளிகளில் கேலிக்கு உள்ளானது. சிகிச்சை பொதுவாகப் பதின்ம வயதில் நடப்பதால், அந்தக் கேலி அவ்வயதின் கூச்சத்தோடு ஒட்டிக்கொண்டது.

தொலைக்காட்சி இந்தக் கேலியை எடுத்துக்கொண்டது, கட்டணத்தை விட்டுவிட்டது. 1999இல் கொலம்பியாவில் தொடங்கிய 'யோ சோய் பெட்டி, லா ஃபேயா', 2003இல் இந்தியாவுக்கு 'ஜஸ்ஸி ஜைஸி கோயி நஹீன்' ஆக வந்தது. 2006இல் அமெரிக்காவில் 'அக்லி பெட்டி' ஆனது. மூன்றிலும் நாயகி திறமைசாலி. மூன்றிலும் அவள் வேலை செய்வது ஃபேஷன் உலகில். மூன்றிலும் வாயில் கம்பி. அமெரிக்கப் பெட்டி நியூயார்க்கின் குயின்ஸ் பகுதியில் வாழும் மெக்சிகோ வம்சாவளிக் குடும்பத்துப் பெண். அவளுடைய எளிய பின்னணியைக் காட்டப் படைப்பாளிகள் தேர்ந்த பொருள், அந்தப் பின்னணியில் எளிதில் வாங்க முடியாத ஒன்று. தொடரின் இறுதிக் கட்டத்தில் கம்பி கழற்றப்படுவது அவளுடைய வெற்றியாகக் கொண்டாடப்படுகிறது. யார் பணம் கட்டினார்கள் என்பது கதையின் மையத்துக்கு வரவேயில்லை.

அந்தக் கேள்வியையே கதையாக்கிய படைப்பு ஒன்று உண்டு. 1993இல் ஒளிபரப்பான 'தி சிம்சன்ஸ்' தொடரின் 'லாஸ்ட் எக்ஸிட் டு ஸ்பிரிங்ஃபீல்ட்' என்ற பகுதியில், அணுமின் நிலைய முதலாளி பர்ன்ஸ் தொழிலாளர் ஒப்பந்தத்திலிருந்து பல் மருத்துவச் சலுகையை நீக்கப் பார்க்கிறார். ஒரு பீப்பாய் பீருக்காகச் சங்கம் அதை விட்டுக்கொடுக்கும் வேளையில், மகள் லிசாவின் கம்பிக்குக் கைக்காசைத்தான் கொட்ட வேண்டும் என்பது அங்கே வேலை செய்யும் ஹோமருக்கு உறைக்கிறது. வேலைநிறுத்தம் வெடிக்கிறது. சலுகை இல்லாத இடைவெளியில் லிசாவுக்குக் கிடைப்பது எஃகுக்கு முந்தைய காலத்தின், நனையக்கூடாத, அச்சமூட்டும் ஒரு கருவி. உண்மையில் எஃகுக்கு முந்தைய கம்பியில் துருப்பிடிக்காத தங்கமே சிறந்ததாகக் கருதப்பட்டது; இந்த விவரத்தில் தொடர் வரலாற்றிலிருந்து விலகுகிறது. ஆனாலும் ஒரு குழந்தையின் வாயில் என்ன இருக்கும் என்பதை அப்பாவின் ஒப்பந்தம் தீர்மானிக்கிறது என்று அது தெளிவாகச் சொல்கிறது.

கம்பி பணத்தின் குறி என்பதற்கு வலுவான சான்று தாய்லாந்திலிருந்து வருகிறது. அங்கே 2000களில் இளையோர், பல்லை நகர்த்தாத அலங்காரக் கம்பிகளைச் சந்தைகளில் மலிவாக வாங்கி மாட்டிக்கொண்டார்கள். கம்பி தரமற்றது, கழன்று தொண்டையில் சிக்கலாம் என்பதால் அரசு அதன் விற்பனையைத் தடைசெய்து, மீறுவோருக்குச் சிறைத் தண்டனை விதித்தது. அழகின்மையின் அடையாளத்தை யாரும் காசு கொடுத்துப் போலியாக வாங்க மாட்டார்கள். மருத்துவரிடம் போக வசதியுள்ள வீட்டுப் பிள்ளையாகத் தெரிவதே அந்தக் கம்பியின் பயன்.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம்: செலவை அரசு ஏற்கும் இடத்தில் கம்பி வெறும் தோற்ற விஷயமாகிவிடாதா? இங்கிலாந்தின் தேசிய மருத்துவச் சேவை 18 வயதுக்குட்பட்டோருக்குத் தேவையின் அடிப்படையில் இலவசமாகக் கம்பி போடுகிறது. தேவையை அளப்பது 1989இல் புரூக், ஷா இருவரும் வெளியிட்ட குறியீடு. அதில் பல்நலத்துக்கு ஐந்து படிகள். தோற்றத்துக்கு ஒன்று முதல் பத்து வரை எண்ணிட்ட பத்துப் புகைப்படங்கள். நான்காம், ஐந்தாம் படிக்கு உடனே தகுதி உண்டு. மூன்றாம் படியில் இருக்கும் சிறுமி, புகைப்படங்களில் ஆறாம் எண்ணையோ அதற்கு மேற்பட்டதையோ ஒத்திருந்தால்தான் வரிசையில் சேர முடியும். அழகு இங்கே இருக்கிறது. ஆனால் பொதுப்பணத்தை யாருக்குச் செலவிடுவது என்ற கணக்குக்குள் இருக்கிறது. மறுப்பு வாதத்தை வீழ்த்தவில்லை. செலவும் தோற்றமும் எங்கே சந்திக்கின்றன என்பதைத்தான் துல்லியமாகக் காட்டுகிறது.

1997இல் ஜியா சிஷ்டியும் கெல்சி வெர்த்தும் தொடங்கிய அலைன் டெக்னாலஜி நிறுவனம் 'இன்விசலைன்' என்ற ஒளிபுகும் உறைகளைக் கொண்டுவந்த பிறகு, கம்பி என்ற குறியே கண்ணிலிருந்து மறையத் தொடங்கியிருக்கிறது. கட்டணம் மறையவில்லை. ஆகவே திரை ஆய்வாளர்கள் கதாநாயகியின் முகத்தோடு காப்பீட்டு ஒப்பந்தத்தையும் அரசின் தகுதிப் பட்டியலையும் சேர்த்துப் படிக்க வேண்டும். இந்தியாவில் இச்சிகிச்சைக்குப் பெரும்பாலும் குடும்பமே தன் கைக்காசைச் செலவிடுகிறது. ஜஸ்ஸியின் கம்பியைப் பற்றிய ஆய்வு தொடங்க வேண்டிய இடம் அதுதான்.