தங்கவயலுக்கு வந்த மின்சாரம்: மோட்டாருக்கேற்ற மின்வழங்கலைத் தேர்ந்த வரலாறு

ஆண்டர்சன்பேட்டையை ஒட்டிய சாம்பியன் ரீஃப் உள்ளிட்ட கோலார் தங்கவயல் சுரங்கங்கள் 1880களிலிருந்து ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிர்வாகத்தில் இயங்கின. முதல் இருபது ஆண்டுகள் எல்லாமே நீராவிதான். பக்கத்தில் நிலக்கரியும் இல்லை, வற்றாத ஆறும் இல்லை. 1894இல் பௌரிங்பேட்டையிலிருந்து ரயில் வந்த பிறகும் கரியைத் தொலைவிலிருந்தே தருவிக்க வேண்டியிருந்தது. ஷாப்ட் ஆழம் போகப் போக நீர் இறைப்பு, காற்றழுத்தம், கல் இடிக்கும் ஸ்டாம்ப் மில் என ஒவ்வொன்றுக்கும் எரிபொருள் செலவு ஏறிக்கொண்டே போனது.

மாற்று வழியாக சிவசமுத்திரத்தில் காவிரி அருவி இருந்தது. இடையே 147 கிலோமீட்டர். திவான் சேஷாத்ரி ஐயர் காலத்தில் மைசூர் அரசு அங்கே மின்சாரம் எடுத்துத் தங்கவயலுக்கு அனுப்பும் திட்டத்தை மேற்கொண்டது. பொறியாளர் டி லோட்பினியேர் முன்னின்று நடத்தினார். நீர்ச்சுழலிகள் சுவிட்சர்லாந்தின் எஷர் வைஸிடமிருந்தும், மின்கருவிகள் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக்கிடமிருந்தும் வந்தன.

மின்னழுத்தத் தேர்வே திட்டத்தின் உயிர்நாடி. ஜெனரேட்டரில் பிறந்தது 2,200 வோல்ட். 3,000 கிலோவாட்டை அதே அழுத்தத்தில் மும்முனைக் கம்பியில் அனுப்பினால் ஏறத்தாழ 790 ஆம்பியர் ஓடும். 30,000 வோல்ட்டுக்கு உயர்த்தினால் 58 ஆம்பியர் போதும். இழப்பு மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், அதே கம்பியில் அது 180 மடங்குக்கும் மேல் குறையும். நேர்மின்சாரத்தை அன்று இப்படி எளிதில் ஏற்றி இறக்க முடியாது. மாறுமின்சாரம் தவிர வேறு வழியில்லை. அதிர்வெண்ணாக நயாகராவில் எடுத்த அதே நொடிக்கு 25 சுழற்சி எடுக்கப்பட்டது. நீண்ட கம்பியில் மின்னழுத்தம் சரிவது அதில் குறைவு; மெதுவாகச் சுழலும் பெரிய மோட்டார்களுக்கும் அது தோது. விளக்கு மினுங்கும், டிரான்ஸ்ஃபார்மருக்கு இரும்பு அதிகம் வேண்டும். ஆனால் வாங்குபவர் சுரங்கக்காரர். விளக்கைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்?

1902 ஜூன் 30 அன்று மின்சாரம் தங்கவயலை அடைந்தது. சேஷாத்ரி ஐயர் அதைப் பார்க்கவில்லை, 1901இலேயே காலமாகிவிட்டார். பெங்களூருத் தெருக்களுக்கு விளக்கு 1905இல்தான் வந்தது.

சுரங்கத்தில் எல்லா மோட்டாரும் ஒரே மாதிரி மின்சாரம் கேட்பதில்லை. பம்பு நாள் முழுக்க ஒரே சீராக இழுக்கும். கூண்டு தூக்கும் வைண்டரோ புறப்படும்போது பன்மடங்கு இழுக்கும். பாரத்தோடு இறங்கும்போது மோட்டாரே ஜெனரேட்டராகி மின்சாரத்தைக் கம்பிக்குத் திருப்பித் தரும். ஆகவே மின்வழங்கலை அளக்க வேண்டியது உச்ச இழுப்பை வைத்து. சராசரியை வைத்து அல்ல. இன்று வீட்டில் கார்ப்பந்தய ஆட்டத்துக்கு எதிர்விசை தரும் ஸ்டீயரிங் செய்பவருக்கும் இதே கணக்குதான். கையை எதிர்த்துத் திருகும் நொடியில் மோட்டார் சராசரியைவிடப் பல மடங்கு ஆம்பியர் கேட்கும். வேகமாகச் சுழலும் சக்கரத்தை மோட்டாரே பிடித்து நிறுத்தும்போது மின்னாற்றல் திரும்பி வரும். சுரங்கக் கம்பியில் அதை வாங்கிக்கொள்ள வேறு மோட்டார்கள் இருந்தன; வீட்டு மின்சாரத்தை நேர்மின்சாரமாக்கித் தரும் சாதாரண எஸ்எம்பிஎஸ்ஸால் அதை வாங்கிக்கொள்ள முடியாது. மின்னழுத்தம் எகிறி, பாதுகாப்புச் சுற்று அணைத்துவிடும். அதனால்தான் 24 அல்லது 36 வோல்ட் எஸ்எம்பிஎஸ்ஸை உச்சத்துக்கேற்ற வாட்டில் எடுத்து, திரும்பும் ஆற்றலை எரிக்க பிரேக் ரெசிஸ்டரும் சேர்க்கிறார்கள்.

தங்கவயலில் ஆழம் 3 கிலோமீட்டரைத் தாண்டியது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. பம்புகள் நின்றபின் ஷாப்டுகளில் நீர் நிரம்பியது.