வயிற்றில் நெருப்பு

பெண்ணைப் பெற்ற தாய்மார்கள், "வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருக்கிறேன்" என்று சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். உண்மையாகவே வயிற்றில் நெருப்போடு வாழும் ஒரு தீவைப் பற்றி இந்தத் தடவை சொல்லப்போகிறேன்.

கரிபியன் கடலில், தேசப்படத்தில் ஒரு புள்ளியாகத் தெரிவது மான்ட்செராட். நீளம் 16 கிலோமீட்டர், அகலம் 11. 1493-ல் அவ்வழியே வந்த கொலம்பஸ், ஸ்பெயின் தேசத்து மடாலயம் ஒன்றின் பெயரை அதற்குச் சூட்டினார். பதினேழாம் நூற்றாண்டில் ஐரிஷ்காரர்கள் குடியேறினார்கள். கரும்புத் தோட்டங்களுக்காக ஆப்பிரிக்கர்களை அடிமைகளாகக் கொண்டுவந்தார்கள். இன்றுள்ள ஜனங்களில் பெரும்பாலோர் அந்த அடிமைகளின் சந்ததியார். தீவு இன்னமும் பிரிட்டனைச் சேர்ந்ததுதான்.

சீதோஷ்ணத்துக்குக் குறைவில்லை. கிழக்கிலிருந்து வீசும் கடற்காற்று வெயிலின் கொடுமையைத் தணித்துவிடும். எரிமலை மண்ணாதலால் எதை நட்டாலும் விளையும். ஆனால் ஜூன் முதல் நவம்பர் வரை புயற்காலம். 1989 செப்டம்பர் 17-ல் ஹியூகோ என்ற புயல் தீவின்மீது நேராக ஏறிப் போயிற்று. பத்து வீடுகளில் ஒன்பது சேதம். ஜனங்கள் அழுது முடித்துவிட்டு, மறுபடி கூரை போட்டார்கள்.

புயல் வருவது தெரியும். அடிவயிற்று நெருப்பு தெரியுமா? தெற்கேயுள்ள சூஃப்ரியேர் மலை வெடித்ததாக எழுதிவைத்த சரித்திரத்தில் குறிப்பே கிடையாது. ஆனால் 1897, 1933, 1966 என்று ஏறக்குறைய முப்பது வருஷத்துக்கு ஒரு தரம் பூமி தொடர்ந்து நடுங்கிற்று. தலைநகரான பிளிமத் அபாயத்தில் இருக்கிறதென்று 1980-களிலேயே இரண்டு விஞ்ஞானிகள் எழுதிக் கொடுத்தார்கள். ஆனால் ஊர் இருந்த இடத்திலேயே இருந்தது. ஜனங்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாட்டன் கண்ட நடுக்கம் பேரனுக்கு வெறும் கதைதானே?

1995 ஜூலை 18-ல் மலை விழித்துக்கொண்டது. 1996 ஏப்ரலில் பிளிமத்தைக் காலி செய்தார்கள். ஜனங்கள் வடக்கே பள்ளிக்கூடங்களிலும் மாதா கோயில்களிலும் ஒண்டிக்கொண்டார்கள். நல்ல விளைநிலமோ அபாய எல்லைக்குள் கிடந்தது. கிழங்கும் காய்கறியும் அங்கே விளைந்து நிற்க, கையைக் கட்டிக்கொண்டு யார் இருப்பார்கள்? எச்சரிக்கையை மீறிச் சிலர் போய் வந்தார்கள். சிலர் வீட்டைவிட்டு வரவே இல்லை. 1997 ஜூன் 25 பகலில் மலையுச்சி சரிந்தது. கொதிக்கும் சாம்பலும் ஆவியும் கல்லும் கலந்த மேகம் மோட்டார் வேகத்தில் இறங்கிற்று. 19 பேர் மாண்டார்கள். ஆகஸ்டில் பிளிமத்தும் எரிந்து சாம்பலில் புதைந்தது. மூன்றில் இரண்டு பங்கு ஜனங்கள் தீவைவிட்டுப் போனார்கள்.

2010 பிப்ரவரியில் ஒரு பெரிய சரிவு. அதன் பிறகு மலை அடங்கியிருக்கிறது. அணைந்துவிட்டதாக யாரும் சொல்லவில்லை. விஞ்ஞானிகள் காவல் இருக்கிறார்கள். பெருமழை பெய்தால் பழைய சாம்பல் சேறாக இறங்கிப் பள்ளத்தாக்கை நிரப்புகிறது. மிஞ்சிய ஜனங்கள் அந்தச் சாம்பலையே மணலாக அள்ளி அயல் தீவுகளுக்கு விற்கிறார்கள்! ஆளில்லாத பிளிமத்தான் சட்டப்படி இன்றும் தலைநகர்.

மலையை அவர்கள் மன்னித்துவிட்டார்களா என்று எனக்குத் தெரியாது. ஆனால் அடுத்த முப்பது வருஷத்துக்குப் பிறகு பிறக்கும் பேரனுக்கு இந்தக் கதையை அவர்கள் சொல்லியே ஆகவேண்டும். கதையென்று அவன் தள்ளிவிடாதபடி சொல்லவேண்டும். கதை எழுதுகிறவனாகிய எனக்கு, அது எவ்வளவு கஷ்டமான காரியம் என்று தெரியும்.