குற்றால சீஸன்ல க்ரீம், சோப்பு வாங்குறீங்களா? டப்பாவைத் திருப்பிப் பாருங்க!

ஜூன் மாசம் சாரல் ஆரம்பிச்சாலே தென்காசி பஸ் ஸ்டாண்டிலிருந்து குற்றாலம் வரைக்கும் கூட்டம்தான். ஐந்தருவியில குளிச்சு முடிச்சு, ஈரத்தலையோட கடைவீதியில நடக்கும்போது ரம்புட்டான் பழத்துக்கு அடுத்து நம்ம கண்ணு போறது மூலிகை எண்ணெய், ஹெர்பல் சோப்பு, 'ஏழே நாளில் பளபளப்பு' க்ரீம்கள் மேலதான். அருவியில எண்ணெய், சோப்பு, ஷாம்பு பயன்படுத்தத் தடை இருக்கு. அதனால வாங்குறதை வீட்டுக்குக் கொண்டுபோய்த்தான், மாசக்கணக்குல பூசப்போறோம். காசு கொடுக்குறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் டப்பாவைப் பின்பக்கம் திருப்பிப் பாருங்க.

ஏன் இவ்வளவு எச்சரிக்கை?

புளியரை தாண்டினா கேரளா. அங்கே மலப்புரம் மாவட்டம் கோட்டக்கல்லில் சிறுநீரக மருத்துவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிச்சாங்க. 2021 ஜூலை முதல் 2023 செப்டம்பர் வரை, சிறுநீர்ல புரதம் வெளியேறும் ஒருவகை சிறுநீரகப் பாதிப்போட வந்தவங்க 22 பேர். அதில் 15 பேருக்கு வழக்கத்தில் அரிதா வரும் ஒரே வகைப் பாதிப்பு. அந்த 15 பேரில் 13 பேர் சிவப்பழகு க்ரீம் பூசினவங்க! க்ரீமை நிறுத்தியதும் பெரும்பாலானவங்களுக்குப் பாதிப்பு குறைஞ்சது.

காரணமாகச் சொல்லப்பட்டது பாதரசம். தோலுக்கு நிறம் தர்ற மெலனின் உருவாவதை அது தடுக்கும். அதனாலதான் சீக்கிரமே முகம் வெளுத்த மாதிரி தெரியுது. ஆனா, அது தோல் வழியா ரத்தத்துல கலந்து சிறுநீரகத்துக்குப் போயிடும்.

பின்பக்கத்தில் என்ன இருக்கணும்?

முன்பக்கம் இருக்கிறது விளம்பரம். பின்பக்கம் இருக்கிறதுதான் கம்பெனி பொறுப்பேற்கும் விவரம். மத்திய அரசின் அழகுசாதனப் பொருள்கள் விதிகள் 2020-ன்படி இவை இருக்கணும்:

* தயாரிப்பாளரின் பெயர், முழு முகவரி
* தயாரிப்பு உரிம எண்
* பேட்ச் எண்
* எந்த மாதம், எந்த வருடத்துக்குள் பயன்படுத்தணும் என்ற விவரம்
* வெளிநாட்டுப் பொருள்னா இறக்குமதிப் பதிவு எண், இறக்குமதியாளரின் பெயர், முகவரி

சித்தா, ஆயுர்வேத மருந்துனு விற்கிற தைலத்துக்கும் உரிம எண்ணும் முகவரியும் அவசியம். 'எங்க தாத்தா காலத்துத் தயாரிப்பு'னு சொல்றது உரிமத்துக்கு ஈடாகாது. முகவரியே இல்லாத டப்பாவை எவ்வளவு மலிவா கொடுத்தாலும் வாங்காதீங்க. நாளைக்கு முகத்துல ஏதாவது வந்தா, யார்கிட்ட போய்க் கேட்பீங்க?

பொருள்கள் பட்டியலைப் படிக்கிறது எப்படி?

அதிகமா இருக்கிற பொருள் முதல்ல வரும், குறைவானது பின்னாடி வரும். 1 சதவிகிதமும் அதுக்குக் கீழேயும் உள்ளவை, கடைசியில எந்த வரிசையிலும் வரலாம். ஒரு ஈஸி டிப்ஸ்: ஃபினாக்ஸிஎத்தனால் என்ற பதப்படுத்தியை அதிகபட்சம் 1 சதவிகிதம்தான் சேர்க்கலாம். முன்பக்கம் பெருசா கற்றாழைப் படம் போட்டிருக்கு, பட்டியல்ல கற்றாழை அந்தப் பதப்படுத்திக்கும் பின்னாடி இருக்குன்னா, அதில் கற்றாழை 1 சதவிகிதத்தைத் தாண்டாதுனு புரிஞ்சுக்கலாம்.

இன்னொரு விஷயம். 30 கிராமுக்குக் குறைவான க்ரீம், 60 மில்லிக்குக் குறைவான திரவம்னா, பொருள்கள் பட்டியல் போடணும்னு கட்டாயம் இல்லை. சின்ன டப்பா க்ரீம்ல இதைப் பலரும் கவனிக்கிறதில்லை. முடிஞ்சவரை பட்டியல் உள்ளதையே தேர்ந்தெடுங்க.

இதைப் பார்த்தா வெச்சுடுங்க

பட்டியல்ல கேலோமெல், மெர்க்குரஸ் குளோரைடு, அம்மோனியேட்டட் மெர்க்குரினு இருந்தா, எல்லாமே பாதரசம்தான். 'தங்கம், வெள்ளி நகைகளில் படக்கூடாது'னு ஒரு க்ரீம்ல எச்சரிக்கை இருந்தாலும் சந்தேகப்படுங்க.

பீட்டாமெத்தசோன், க்ளோபிட்டசால்னு பெயர் இருந்தா அது ஸ்டீராய்டு. மருத்துவர் சீட்டோட வாங்க வேண்டிய மருந்து, அழகு க்ரீம் இல்லை. சிவப்பழகுக்காக மாசக்கணக்குல பூசினா தோல் மெலிஞ்சு, பருவும் முடியும் வரும். நிறுத்தினா முகம் சிவந்து எரியும்.

சோப்புல என்ன பார்க்கணும்?

'டி.எஃப்.எம்' எண்ணைப் பாருங்க. சோப்புல உள்ள கொழுப்புப் பொருளின் அளவு அது. 76 சதவிகிதத்துக்கு மேல இருந்தா முதல் தரக் குளியல் சோப்பு. 'பாத்திங் பார்'னு எழுதியிருந்தா அது வேற வகை. இந்த அளவு குறைவாகவே இருக்கும்.

வாங்கின பிறகு...

நேரா முகத்துல பூசாம, முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவி ரெண்டு நாள் பாருங்க. அரிப்பு, சிவப்பு வந்தா நிறுத்திடுங்க. 'ஹெர்பல்'னாலும் அலர்ஜி வரலாம். பில்லையும் டப்பாவையும் பத்திரமா வையுங்க. புகார் சொல்ல தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

ஏற்கெனவே பெயர் தெரியாத சிவப்பழகு க்ரீம் பூசிட்டிருக்கீங்களா? கால் வீக்கமோ, சிறுநீர்ல அதிக நுரையோ இருந்தா, க்ரீம் டப்பாவையும் கையோட எடுத்துட்டு டாக்டரைப் பாருங்க. மருந்து பத்தி கேட்கிற டாக்டர்கிட்ட, க்ரீம் பத்தி நாமளாதான் சொல்லணும்.