வீட்டுக்கு வா, கோயா!

புருஷன் பேரில் வந்த ஒரே ஒரு கடுதாசி ஒரு எம்.பி.யோட பதவியைக் காலி பண்ணுமா? பண்ணியிருக்கு. 1958-ல், அமெரிக்காவில்.

கோயா கனூட்சன். மின்னசோட்டா மாநிலத்திலிருந்து அமெரிக்க காங்கிரஸுக்குத் தேர்வான முதல் பெண். 1955 ஜனவரியில் உள்ளே போனாங்க, 1959 ஜனவரியில் வெளியே வந்துட்டாங்க. நாலே வருஷம். இவங்க கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

1912-ல் வடக்கு டகோட்டாவில், நார்வேயிலிருந்து குடியேறிய விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். பாடகியாகணும்னு ஆசை. நியூயார்க் போய் ஜூலியார்டில் கொஞ்ச நாள் படிச்சுப் பார்த்தார், சரிவரலை. ஊருக்குத் திரும்பி டீச்சர் வேலை. 1940-ல் அப்பாவோட பண்ணையில் வேலை பார்த்த ஆண்டியைக் கல்யாணம் பண்ணிக்கிட்டு, ஓக்லீங்கிற குட்டி ஊரில் ரெண்டு பேருமா ஒரு சின்ன ஹோட்டல் நடத்தினாங்க. 1942-ல் எலினார் ரூஸ்வெல்ட் ரேடியோவில் பேசினதைக் கேட்டுத்தான் பொது வாழ்க்கை மேல ஆர்வம் வந்ததாம். 1950-ல் மாநில சட்டசபை.

1954-ல் காங்கிரஸுக்கு நிற்கணும்னதும் கட்சி கையை விரிச்சிடுச்சு. அங்கே ஜனநாயகக் கட்சிக்குப் பேரே ஜனநாயக விவசாயி தொழிலாளர் கட்சி. பேரில் விவசாயி இருந்து என்ன, தலைவர்கள் வேற ஆளைத்தான் கை காட்டினாங்க. அம்மா அசரலை. அக்கார்டியனைத் தூக்கிக்கிட்டு ஊர் ஊரா பாட்டு, விவசாயிகளோட விளைபொருள் விலை பத்திப் பேச்சு. உட்கட்சித் தேர்தலில் ஜெயிச்சு, ஆறு முறை எம்.பி.யா இருந்த குடியரசுக் கட்சிக்காரர் ஹரோல்ட் ஹேகனையும் வீழ்த்தினார். விவசாயக் கமிட்டியில் இடம் பிடிச்ச முதல் பெண்ணும் இவர்தான்.

1956-ல் ஒரு வேலை செஞ்சார். ஹம்ஃப்ரி, ஃப்ரீமன் மாதிரி மாநிலத்துப் பெருந்தலைகள் எல்லாம் ஜனாதிபதி வேட்பாளரா ஸ்டீவன்சனைத் தாங்கிப் பிடிக்க, இவர் கெஃபாவருக்கு வேலை பார்த்தார். மின்னசோட்டாவில் கெஃபாவரே ஜெயிச்சும் தொலைச்சார். கட்சிக்காரங்க இதை மறக்கவேயில்லை.

அதே வருஷம்தான் ஏழைப் பிள்ளைகள் காலேஜ் படிக்க அரசே கடன் தரணும்னு ஒரு மசோதா கொண்டுவந்தார். யாரும் பெரிசா கண்டுக்கலை. 1957 அக்டோபரில் ரஷ்யாக்காரன் ஸ்புட்னிக் விட்டதும் எல்லாருக்கும் படிப்பு ஞாபகம் வந்துடுச்சு! 1958 செப்டம்பர் 2-ல் ஐசனோவர் கையெழுத்துப் போட்ட தேசிய பாதுகாப்புக் கல்விச் சட்டத்தில் அந்தக் கடன் திட்டமும் இடம்பெற்றது. (பிற்பாடு அதுக்குப் பெர்கின்ஸ் கடன்னு வேற ஒரு எம்.பி. பேரை வெச்சாங்க. 2017 வரை அந்தக் கடன் கொடுத்தாங்க.)

கடுதாசி அதுக்கு முன்னாடியே, மே மாசமே வந்தாச்சு. நீ மறுபடி நிற்காதே, வீட்டுக்கு வான்னு ஆண்டி கையெழுத்தில். பத்திரிகைகள் "கோயா, வீட்டுக்கு வா"ன்னு தலைப்புப் போட்டு நாடெங்கும் பரப்பின. ஆபீஸில் இருந்த இளம் செயலாளரோட சேர்த்துக் கிசுகிசு வேற. எதிர்த்து நின்ன ஒடின் லாங்கனோட கோஷம் என்ன தெரியுமா? ஆம்பளை பார்க்கிற வேலைக்கு ஒரு பெரிய ஆம்பளையாம்.

வீட்டுக்குக் கூப்பிட்ட அந்த ஆண்டி, குடிச்சுட்டுக் கோயாவை அடிக்கிறவர். அதை ஊரறியச் சொல்லியிருந்தா கதையே மாறியிருக்கும். சொல்லலை. குடும்ப விஷயத்தைப் பொதுவில் பேச மாட்டேன்னு வாயை மூடிக்கிட்டார். எனக்கு இந்த இடத்தில்தான் கோபம் கோபமா வரும். ஆனா 1958-ல் சொல்லியிருந்தா மட்டும் எத்தனை பேர் அவர் பக்கம் நின்றிருப்பாங்க?

நவம்பரில் 1,390 ஓட்டில் தோல்வி. நாடு முழுக்க ஜனநாயகக் கட்சி அள்ளிக்கிட்டுப் போன தேர்தல் அது. குடியரசுக் கட்சியிடம் பதவியைப் பறிகொடுத்த ஒரே ஜனநாயகக் கட்சி எம்.பி. இவர்தான்.

அப்புறம் விசாரணை நடந்தது. கடுதாசியை எழுதினது நான் இல்லை, கையெழுத்து மட்டும்தான் என்னுதுன்னு ஆண்டி ஒத்துக்கிட்டார். கோயாவோட சொந்தக் கட்சி எதிரிங்க அவரைப் பகடைக்காயா ஆக்கியிருந்தாங்க. லாங்கனுக்கு இதில் நேரடித் தொடர்பு இருந்ததா நிரூபணமாகலை, அவர் எம்.பி.யாவே தொடர்ந்தார்.

1960-ல் மறுபடி நின்னு மறுபடி தோற்றார். 1962-ல் விவாகரத்து. 1977 இடைத்தேர்தலில் இன்னொரு தடவை முயற்சி பண்ணியும் உட்கட்சித் தேர்தலையே தாண்ட முடியலை. 1996 அக்டோபரில் காலமானார்.

மின்னசோட்டாவிலிருந்து காங்கிரஸுக்கு அடுத்த பெண்ணா பெட்டி மெக்காலம் ஜெயிச்சது 2000-ல்.