சர்வதேசப் பணிமுகாம்கள்

பல நாட்டு இளைஞர்கள் சில வாரங்கள் ஓரிடத்தில் தங்கி, கூலி வாங்காமல் உடலுழைப்பில் ஈடுபட்டபடி ஒருவரையொருவர் அறிந்துகொள்ளும் ஏற்பாடு. இன்றைய இளைஞர் பரிமாற்றத் திட்டங்களின் முன்னோடிகளில் ஒன்று.

முதல் முகாம் 1920 நவம்பரில், பிரான்சின் வெர்டூன் அருகே, முதல் உலகப்போர் தரைமட்டமாக்கிய எஸ்ன் என்ற சிற்றூரில் தொடங்கியது. ஏற்பாட்டாளர் பியர் செரசோல் (1879–1945) சுவிட்சர்லாந்துப் பொறியாளர்; அந்நாட்டின் முன்னாள் குடியரசுத் தலைவருக்கு மகன்; ராணுவ வரி கட்ட மறுத்துச் சிறை சென்றவர். இடிந்த ஊரை மீட்க அவர் அழைத்து வந்தவர்களில் ஜெர்மானியரும் இருந்தார்கள். போர் முடிந்து இரண்டே ஆண்டுகள். எவ்வளவு பெரிய துணிச்சல்! தொண்டர்கள் மரவீடுகள் எழுப்பினார்கள், நிலத்தைச் சீராக்கினார்கள். ஆனால் ஜெர்மானியர் மீதான வெறுப்பு அடங்கவில்லை. 1921 வசந்தத்தில் முகாம் கலைந்தது.

முயற்சி அத்தோடு நிற்கவில்லை. 1927இல் ரைன் நதி கரையுடைத்து லிச்சென்ஸ்டைனின் வயல்களைச் சேற்றால் மூடியது. மறு ஆண்டு அவற்றைச் சீராக்க 700க்கும் அதிகமானோர் வந்து சேர்ந்தனர். ‘சர்வீஸ் சிவில் இன்டர்நேஷனல்’ என்ற அமைப்பு வேரூன்றியது இத்தகைய முகாம்களில்தான்.

இவ்வரலாற்றின் மிகச் செறிவான பகுதி பீகாரில் நிகழ்ந்தது. 1934 ஜனவரி 15 நிலநடுக்கத்துக்குப் பின் செரசோல் அங்கு சென்று, ராஜேந்திர பிரசாத் முன்னின்று நடத்திய நிவாரணப் பணியோடு தொடர்பு கொண்டார். பின்னர் ஆங்கிலேயர் உள்ளிட்ட சிறு குழுவோடு திரும்பிவந்தார். வெள்ளம் சூழும் முசாபர்பூர் வட்டாரத்தில், மேட்டு நிலத்தில் புதிய குடியிருப்புகள் எழுந்தன. ஆள வந்த இனத்தவர் ஆளப்படுவோரோடு சேர்ந்து மண் சுமந்த காட்சி அன்றைய இந்தியாவில் அரிது. அங்கே வீடு எப்படிக் கட்டுவது என்பதை ஊர்க்காரர்களிடம் கேட்டுத்தான் ஐரோப்பியர் செயல்பட முடிந்தது. உதவ வந்தவரே மாணவராகும் இந்த நிலைதான் பணிமுகாமின் உயிர்.

1948இல் யுனெஸ்கோவின் ஆதரவில், இத்தகைய அமைப்புகளுக்கான ஒருங்கிணைப்புக் குழு உருவானது. இப்போதைய முகாம்கள் பெரும்பாலும் இரண்டு மூன்று வாரங்கள் நடக்கின்றன. சமையலும் துப்புரவும் முறைவைத்துப் பகிரப்படும். உணவும் இருப்பிடமும் கிடைக்கும். பயணச் செலவு பெரும்பாலும் தொண்டருடையது. அந்தச் செலவும் விசா மறுப்பும் ஆசிய, ஆப்பிரிக்க இளைஞர்களுக்கு இன்னும் பெருந்தடை. ஐரோப்பிய இளைஞர் இங்கு வருவது எளிது, இங்கிருந்து அங்கு செல்வது கடினம். பரிமாற்றம் என்ற பெயருக்கு இந்த ஏற்றத்தாழ்வு பொருந்தவில்லை.