டவர் நின்றாலும் பேசும் ரேடியோ: கேமரன் மலையில் ஹாம் எப்படி உதவும்?

திரிங்காப்பில் விடாத மழை என்று வைத்துக்கொள்வோம். கரண்ட் போச்சு, போனில் சிக்னலும் இல்லை. சாலையில் மண் சரிந்திருப்பதைப் பிரிஞ்சாங்கில் இருப்பவர்களுக்கு எப்படிச் சொல்வீர்கள்?

போன் ஏன் நின்றுபோகிறது?

பக்கத்து வீட்டுக்கு அழைத்தாலும் நம் போன் டவர் வழியாகத்தான் பேசுகிறது. டவரின் பேட்டரி தீர்ந்தாலோ, மண்சரிவில் கேபிள் அறுந்தாலோ தொடர்பு போய்விடும். அமெச்சூர் ரேடியோ எனப்படும் ஹாம் ரேடியோவில் ஒரு கருவி இன்னொரு கருவியோடு நேராகப் பேசும். ஒரு கார் பேட்டரி இருந்தால் போதும்.

மலை தடையா, துணையா?

இரண்டும்தான். கையடக்க ஹாம் கருவிகள் பெரும்பாலும் 144 மெகாஹெர்ட்ஸுக்குச் சற்று மேலே இயங்குபவை. இந்த அலைகள் ஏறக்குறைய நேர்கோட்டில் போவதால், நடுவில் குன்று வந்தால் தடைபடும். மலை உச்சியில் ரிப்பீட்டர் வைத்தால், அது சிக்னலை வாங்கி வேறு அலைவரிசையில் திருப்பி அனுப்பும். 2,000 மீட்டருக்கும் உயரமான பிரிஞ்சாங் மலை உச்சியில் ஒலிபரப்புக் கோபுரங்கள் நிற்பதும் உயரத்துக்காகத்தான்.

ரிப்பீட்டருக்கும் கரண்ட் இல்லையென்றால்? 7 மெகாஹெர்ட்ஸில் பேசலாம். ஆண்டெனா கம்பியைத் தரைக்கு அருகே கிடையாகக் கட்டினால், சிக்னல் மேலே போய், அயனி மண்டலத்தில் பட்டு, மழைபோலப் பள்ளத்தாக்குகளில் இறங்கும். ஆனால் இது நேரத்தையும் சூரியனையும் பொறுத்து மாறும்.

உண்மையில் உதவியிருக்கிறதா?

2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையிலான இந்திய ஹாம் குழு அந்தமானில் இருந்தது. 26ஆம் தேதி சுனாமி தாக்கித் தொலைபேசிகள் செயலிழந்தபோது, அவர்களின் ரேடியோ உறவினர்களுக்கும் மீட்புப் பணிக்கும் தகவல் கொண்டுசென்றது.

புதுசா என்ன?

2017இல், நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் ஜோ டெய்லரும் ஸ்டீவ் ஃபிராங்க்கும் எஃப்டி8 என்ற முறையை உருவாக்கினார்கள். காதுக்கே கேட்காத பலவீனமான சிக்னலிலிருந்தும் கணினி குறுஞ்செய்தியைப் பிரித்தெடுக்கும். 2022இல் வந்த ஐபோன் 14, சில நாடுகளில் செயற்கைக்கோள் வழியாக அவசரச் செய்தி அனுப்பும் வசதியைத் தந்தது. ஆனால் அதற்கும் திறந்த வானம் வேண்டும்.

நானும் பேசலாமா?

ஆன்லைனில் கருவி வாங்கியதும் பேசிவிட முடியாது. மலேசியாவில் தேர்வு எழுதி, எம்சிஎம்சியின் அனுமதி பெற வேண்டும். பிறகு 9எம்2, 9டபிள்யூ2 போன்ற எழுத்துகளில் தொடங்கும் அழைப்புக்குறி கிடைக்கும்.

எந்த மேட்டிலிருந்து சிக்னல் போகும், எங்கே போகாது என்பதை மழைக்கு முன்பே பேசிப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். மண் சரிந்த பிறகு அதைக் கற்றுக்கொள்ள நேரம் இருக்காது.